நடுவில் இடைவெளி

தாய் மொழி படிக்கிறேன் என்றேன்.
தாய்மொழிக்கு எதுக்கும்மா யுனிவர்சிட்டி
என்றார் செம்பனை லாரி ஓட்டும் பெரியப்பா.
இல்லை பெரியப்பா, நடுவில் இடைவெளி.
சயாம்காரன் பேசுறது.
ஓ, என்று கண்ணாடியைத் துடைத்தார்.

கோல கெட்டிலில் சயாம் என்றால்
ரயில், மசாஜ், தோம்யாம்.
ரயிலுக்குப் போனவர்களைப் பற்றி அவர் பேசமாட்டார்.
மசாஜைப் பற்றி அம்மா பேசவிடமாட்டாள்.
ஆகவே தோம்யாம் பேசினோம்,
புளிப்பு போன வாரம் கொஞ்சம் தூக்கல் என்று.

மூன்றாம் ஆண்டு. உயர்நிலைத் தாள்.
ஆசானை அங்கே ஆஜான் என்கிறோம்.
ஆஜான் எனக்கு வைத்த பேர் ஃபோன்.
குரலை இறக்கி ஏற்றினால் மழை.
எங்கள் வீட்டில் எப்படி ஏற்றினாலும்
சார்ஜ் போட்டாச்சா என்கிறான் தம்பி.
மா என்றால் வா, மா என்றால் குதிரை, மா என்றால் நாய்.
தமிழிலும் மா குதிரைதான்,
அதற்காக நாம் தொண்டையை ஏணியாக்குவதில்லை.
உண்பதற்கு அரசருக்கு ஒரு சொல், பிக்குவுக்கு ஒன்று,
பசித்தவனுக்கு ஒன்று.
எல்லாம் எழுதினேன்.
கிரெங்சை என்ற சொல்லை விளக்கச் சொன்னார்கள்.
கூச்சம் என்றேன், அடித்துவிட்டுத் தயக்கம் என்றேன்.
அரை மதிப்பெண் போயிற்று.

விடுமுறையில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
பாங் யூசோவின் கடை. நாராத்திவாட்காரர்.
கைகூப்பி, ஒரு தொனி பிசகாமல்,
சோறு ஆயிற்றா என்று கேட்டேன்.
கரண்டி நின்றது.
மலாயில்தான் பதில் வந்தது:
"என்கிட்ட இப்படிப் பேசினவங்க ரெண்டே பேர்.
பள்ளிக்கூடத்து வாத்தியார்.
ரோட்டுத் தடுப்புல சிப்பாய்.
ரெண்டு பேர் கையிலும் ஏதாவது இருக்கும்."
என் கையில் ஐந்து ரிங்கிட் இருந்தது.

அவருக்கும் அது தாய் மொழிதான்.
அந்த இடைவெளி எத்தனை அகலம் என்று
எந்தத் தாளிலும் கேட்கவில்லை.

மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை.
நான்காம் நாள் அவரே கூப்பிட்டார்.
எண்ணெய்க் கையால் கைபேசியை நீட்டினார்:
ஊரிலிருந்து அம்மா படம்பிடித்து அனுப்பிய கடிதம்.
பேசுவேன், அரசாங்க எழுத்து எனக்கு ஓடாது, படி.
உள்ளே அவர் தம்பி
எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தான்.
அம்மா கூப்பிடுவது ஹசான். காகிதத்தில் ஆசே.
என் அப்பாவின் ஐசியில்
கருப்பண்ணன் கரோபானன் ஆன மாதிரி.

மேற்படி நபர் நேரில் முன்னிலையாக வேண்டும்.
மேசாயோன் மாதம் ஐந்தாம் தேதி.
மேசாயோன், மேஷம்,
நாங்கள் வருஷப்பிறப்புக்கு
மாங்காய்ப் பச்சடி கிண்டும் மாதம்.
சீட்டு எடுக்க வேண்டும்.
கறுப்பு வந்தால் வீடு. சிவப்பு வந்தால் பட்டாளம்.
சமூகமும் சடங்கும் தாளில்
இதை விவரித்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்,
படம் வரைந்து, வண்ணம் தீட்டி.

போகாவிட்டால்? என்றான் ஹசான், திரும்பாமல்.
கடைசி வரியில் ஒரு சொல்: தோத்.
நம் தோஷம்தான் அது.
அங்கே போய்த் தண்டனை ஆகிவிட்டது.
மலாயில் சொல்ல வார்த்தை தெரியும்.
இருந்தும் அந்த வரியை இரண்டு முறை படித்தேன்,
மூன்றாம் முறையும் படிப்பதுபோல் இருந்தேன்.

பொட்டலம் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.
வேண்டாம் பாங், எதுக்கு உங்களுக்குச் சிரமம்
என்று மலாயில் இழுத்தேன்.
"மைத்தோங் கிரெங்சை," என்றார்.
அதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் தாய்.
தெற்கத்தித் தொனி,
ஆஜான் இருந்தால் அரை மதிப்பெண் குறைப்பார்.

வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன்.
ஹசான், நறுக்கி முடித்த எலுமிச்சையை எடுத்து
மறுபடியும் நறுக்கிக்கொண்டிருந்தான்.